டவுனா, பாளையா?

அக்காள் மகன் கோயம்புத்தூரை விட்டு ஊருக்குத் திரும்புகிறான். மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், கூடவே என் அக்காள். போனில் கேட்டான்: “மாமா, டவுன்ல வீடு பாக்கவா, பாளையில பாக்கவா? நீங்கதான் ரெண்டு கரையிலயும் குடியிருந்திருக்கிய.”

குடியிருந்திருக்கிறேன். டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு முடுக்கில் 14 வருடம் வாடகைக்கு. பிறகு பெருமாள்புரத்தில் வீடு கட்டி 12 வருடம். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. திருநெல்வேலியில் மற்றவர்களிடம் இதைக் கேட்டால், கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிடும். டவுன்காரர், “பாளையா? எட்டு மணிக்கு மேல தெருவுல ஒரு மனுச மூஞ்சியப் பாக்க முடியாதே” என்பார். பாளைக்காரர், “டவுனா? வண்டிய எங்க நிறுத்துவிய?” என்று திருப்பிக் கேட்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் தங்கள் வயதையும் தங்கள் வண்டியையும் வைத்துத்தான் பேசுகிறார்கள்.

மேலப்பாளையம் நண்பர் ஒருவர் இதைப் படித்தால் கோபிப்பார். “வே, ஆத்துக்குத்தான் ரெண்டு கரை, ஊரு ரெண்டு இல்ல” என்று ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பேட்டையும் தச்சநல்லூரும் வண்ணார்பேட்டையும் இருக்கத்தான் செய்கின்றன. குடியிருந்து தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

டவுனும் பாளையும் ஒரே ஊராகி ஒரு தலைமுறைதான் ஆகிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று 3 நகராட்சிகளோடு தச்சநல்லூர் பேரூராட்சியையும் சேர்த்து 1994இல் மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பிலும் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. டவுன் ஆர்ச்சில் பஸ் ஏறினால் ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி என்று பாளை வந்துவிடும். இவ்வளவு சின்ன ஊரில் எங்கே இருந்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தாமிரவருணி நடுவில் ஓடுவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 1843இல் கொக்கிரகுளத்தில் பாலம் வரும்வரை அக்கரை போக ஓடம்தான் வழி. அந்தப் பாலமும் சர்க்கார் பணத்தில் கட்டியதல்ல. சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது.

இரண்டும் வளர்ந்த விதம் வேறு. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதி, ரத வீதியைச் சுற்றித் தெருக்கள், தெருவுக்குள் முடுக்கு, முடுக்குக்குள் வளவு என்று டவுன் உள்ளிருந்து வெளியே விரிந்தது. பாளையில் கோட்டை இருந்தது, கும்பினிப் பட்டாளம் இருந்தது. அதை ஒட்டி மிஷன் வந்தது. 1826இல் எழுந்த தூய திரித்துவ ஆலயம், அதாவது ஊசிக்கோபுரம், 1923இல் வந்த சவேரியார் கல்லூரி, மத்திய சிறை, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பெரிய காம்பவுண்டு போட்டுக்கொண்டது. பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர் என்று பின்னால் வந்த காலனிகளும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன, அளவு மட்டும் சிறுத்து. டவுனில் சுவர் என்பது இரண்டு வீட்டுக்குப் பொது. ஆணி அடிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். பெருமாள்புரத்தில் வீடு கட்டுமுன் சுவர் கட்டுகிறோம்.

இந்தச் சுவர் வித்தியாசம் போய் முடிகிற இடம் கால். டவுனில் இருந்த 14 வருடமும் எங்கள் வீட்டில் சாமான் பட்டியல் என்று ஒன்று எழுதியதில்லை. குழம்பு கொதிக்கும்போது கொத்தமல்லி இல்லையென்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். பூக்காரி வாசலுக்கு வருவாள். போஸ் மார்க்கெட் கூப்பிடு தூரம். குக்கர் விசில் போட, மிக்ஸி ஜாடிக்குப் பிளேடு மாற்ற, செருப்புத் தைக்க, ஜாக்கெட் தைக்க, நகை அடகு வைக்க என்று எல்லாம் வாகையடி முக்குக்கும் சந்திப்பிள்ளையார் முக்குக்கும் இடையிலேயே முடியும். என் மனைவி அந்தக் காலத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை.

பெருமாள்புரம் போன மூன்றாம் மாதம் ஸ்கூட்டர் வாங்கினோம். அடுத்த வருடம் இன்னொன்று. மகாராஜநகர் உழவர் சந்தையில் காய் நல்ல காய், விலையும் நியாயம். ஆனால் அங்கே போய்வர ஒருத்தர் வண்டி எடுக்க வேண்டும். இப்போது போன் செய்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள். வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். டவுனில் கொத்தமல்லி வாங்கப் போனவள் மூன்று வீட்டுச் சங்கதியோடு திரும்பி வருவாள்.

வீட்டைப் பொறுத்தவரை பாளைக்குத்தான் மதிப்பெண். டவுனில் நாங்கள் இருந்தது தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் வரை ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போகிற வீடு. முன்னால் தார்சா, பிறகு பட்டாசல், பிறகு ஒரு இருட்டு அறை, அடுக்களை, கடைசியில் அங்கணம். பட்டாசலில் பகலிலும் லைட் எரியும். ஈரத்துணி புரட்டாசி தாண்டிவிட்டால் காயாது. சுவரில் பூத்த உப்பைப் பழைய காலண்டர் போட்டு மறைத்து வைத்திருந்தோம். கழிப்பறை கடைசியில் இருந்ததால், விருந்தாள் வந்தால் அடுக்களையைக் கடந்துதான் போக வேண்டும். வளவு வீடுகளில் இன்னும் சிரமம். ஆறேழு குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்றால் காலை நேரத்துச் சண்டையைச் சொல்ல வேண்டியதில்லை. வளவு வாழ்க்கையைப் பற்றி இப்போது உருகி எழுதுகிறவர்களில் பலரும் அதைவிட்டு வெளியே வந்த பிறகுதான் எழுதுகிறார்கள்.

ஆனால் சித்திரை வெயிலில் அந்த இருட்டு அறை எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு பக்கமும் அடுத்த வீடு, மேலே மச்சு. வெயில் எந்தப் பக்கமும் நுழையாது. பாயை உதறிப் போட்டுப் படுத்தால் நாலு மணி வரை எழுந்திருக்க மனசு வராது. பெருமாள்புரம் வீட்டில் நாலு பக்கமும் ஜன்னல் வைத்துக் கட்டினேன், காற்று வரட்டுமென்று. குற்றாலத்தில் சீசன் பிடிக்கிற ஆனி, ஆடியில் வருகிறது, அமர்க்களமாக வருகிறது. பங்குனி சித்திரையில் அதே நாலு பக்கமும் வெயில்தான் வருகிறது. டவுனில் ஒரு ஃபேன், பாளையில் இரண்டு ஏசி.

வீடு தேடுகிறவர்கள் ஜன்னலை எண்ணுகிறார்கள். நான் அக்காள் மகனிடம் சொன்னது வேறு இரண்டு சம்பவங்கள்.

டவுனில் இருந்தபோது ஒருநாள் விடியற்காலை என் மாமியாருக்கு நெஞ்சு வலி. முடுக்குக்குள் ஆம்புலன்ஸ் வராது, ஆட்டோவும் வராது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டிய அகலம். என் மனைவி போட்ட சத்தத்தில் ஐந்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுப் பையன்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் அவளை உட்காரவைத்து, சேலையால் சேர்த்துக் கட்டி, முக்கு வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் ஒருத்தர் ஆட்டோவை எழுப்பி நிறுத்தியிருந்தார். எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டினது யாரென்று இன்றுவரை தெரியாது. சாவி சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. ஹைகிரவுண்டு போய்ச் சேர ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டிப் போனோம். விடியற்காலையாக இருந்ததால் பிழைத்தாள். சாயந்திரம் ஆறு மணியாக இருந்தால், இருட்டுக்கடை வரிசையும் ரத வீதி நெரிசலும் தாண்டி வெளியே வரவே கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பெருமாள்புரத்தில் என் அப்பா குளியலறையில் விழுந்தார். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தோம். பத்தரை மணிக்கு விழுந்தவரை ஒன்றே கால் மணிக்குச் சாப்பிட வந்த நான்தான் பார்த்தேன். கூப்பிட்டாராம். பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு காம்பவுண்டுச் சுவரும் ஒரு கார் ஷெட்டும். அவர்கள் நல்லவர்கள்தான், கேட்டிருந்தால் சுவர் ஏறிக் குதித்து வந்திருப்பார்கள். போன் செய்த பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியும் பக்கம். எல்லாம் சரியாக நடந்தது, அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தவிர.

இதில் எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். மருத்துவமனை தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்துவிடலாம். சத்தம் போட்டால் எத்தனை பேர் காதில் விழும் என்பதற்கு அளவு கிடையாது. ஆனால் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அமைதியைத் தேடிக் காலனிக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வண்டி ஓட்ட முடிகிற வயதில் முடுக்கில் இருந்துவிட்டு, ஓட்ட முடியாத வயதில் வண்டியில்லாமல் பால் வாங்க முடியாத இடத்துக்குப் போகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் பாளையை யாரும் அடிக்க முடியாது. தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று சும்மா சொல்லவில்லை. டவுன் பக்கம் மட்டும் மட்டமா? பாரதி படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளி இந்தக் கரையில்தான் இருக்கிறது. கல்லணை மாநகராட்சிப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இடம் கேட்டுக் கூட்டம் கூடுகிறது. ஆனால் டவுனில் குடியிருந்துகொண்டு பிள்ளையைப் பாளைக்கு அனுப்புகிறவர்கள் காலை எட்டரை மணிக்கு வண்ணார்பேட்டையில் நிற்கிற நிற்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேலப்பாளையம் பக்கமிருந்து வந்தால் குலவணிகர்புரம் ரயில்வே கேட். அது மூடினால் யாருக்கும் அவசரம் கிடையாது.

அடுத்தது மழை. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்ததை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே ஆறு கரையை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை எல்லாம் முங்கின. கலெக்டர் ஆபீசைச் சுற்றியும் வெள்ளம். டவுனில் தாழ்ந்த தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது, பாளையிலும் பல நகர்களில் வீட்டுக்குள் வந்தது. ஆறு மட்டும் காரணமில்லை. சுத்தமல்லி அணையிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கத்து வயலுக்கும் நயினார்குளத்துக்கும் போக வந்தது. பாளையங்கால்வாய் அக்கரையில் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போக வெட்டியது. வயல் மனையானது, குளம் பஸ் ஸ்டாண்டானது. தண்ணீருக்கு அது தெரியாது. புது பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்துக்குப் பெயரே வேய்ந்தான்குளம். மனை புரோக்கர் ‘நகர்’ என்று சொல்கிற இடத்துக்கு, அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பத்து, ஏந்தல், பேரி, குளம் என்று ஏதாவது வந்தால் எத்தனை அடி உயர்த்திக் கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எழுதச் சங்கடமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வாடகை வீடு தேடினால் இரண்டு கரையிலும் உங்கள் சாதியை விசாரிப்பார்கள். டவுனில் சில தெருக்களில் வாசலிலேயே, “சைவந்தான?” என்று கேட்டுவிடுவார்கள். பதிலில் தயக்கம் இருந்தால் வீடு காலியில்லை. பாளைக் காலனிகளில் படித்தவர்கள், அப்படிக் கேட்க மாட்டார்கள். காபி கொடுத்து உட்காரவைத்து, “பங்குனி உத்திரத்துக்கு எங்க போவிய? ஒங்களுக்குச் சாஸ்தா எங்க?” என்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் குலசாஸ்தா எந்த ஊர் என்று தெரிந்தால் பாதி ஜாதகம் தெரிந்த மாதிரி. சாஸ்தாவே இல்லாதவர் என்றால் அதுவும் ஒரு பதில். எனக்கு வீடு கிடைத்தது, என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இரண்டு கரையிலும் ஆறு மாதம் கிடைக்கவில்லை. சம்பளம் அவருக்குத்தான் அதிகம். எந்தப் பேட்டை நல்ல பேட்டை என்று நான் இங்கே ஒப்பிட்டு எழுதுவதெல்லாம், கதவு திறக்கிற ஆட்களுக்குத்தான் பொருந்தும்.

சத்தம் பற்றிப் பாளைக்காரர்கள் சொல்வது சரி. டவுனில் மார்கழி முழுக்க விடியுமுன்னே ஒலிபெருக்கி. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்குள் வண்டி எடுக்க முடியாது. ஆபீசுக்கு லீவு போட வேண்டியதுதான். ஆனால் அந்த நாளில் லீவு போடாத டவுன்காரரை நான் பார்த்ததில்லை. பாளை என்றால் ஒரேயடியாக அமைதி என்றும் நினைக்க வேண்டாம். தசராவுக்கு 12 அம்மன் சப்பரங்களும் வரும்போது பழைய பாளையின் தெருக்கள் தூங்குவதில்லை.

பழைய பாளை என்றேன். அதை மறந்துவிடுகிறோம். பாளை என்றதும் காலனி நினைவுக்கு வருகிறது. கோட்டை இருந்த இடத்தைச் சுற்றிய தெருக்கள், தெற்கு பஜார், ராஜகோபால சுவாமி கோயில் பக்கம், மார்க்கெட் பக்கம் எல்லாம் கிட்டத்தட்ட டவுன் மாதிரிதான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, நடந்து போகிற தூரத்தில் கடை. தெரு மட்டும் கொஞ்சம் அகலம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில். பெரிய வீடு கிடைக்காது, புது வீடும் அரிது. காலி என்று போர்டு தொங்காது. தெருவில் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தால் ஒரு மாதத்தில் தகவல் வரும்.

அக்காள் மகன் அங்கேதான் எடுத்தான். மகள் நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். அக்காள் கோபால சுவாமி கோயிலுக்குத் தனியாகப் போய்வருகிறாள். கார் மட்டும் நாலு தெரு தள்ளி, மாத வாடகைக்கு ஒருவர் வீட்டு முன்னால் நிற்கிறது. அதைப் பற்றி மட்டும் அவன் மனைவிக்கு இன்னும் குறை.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கரோடு போய்ப் பார்த்தால் எல்லாப் பேட்டையும் நல்ல பேட்டைதான். பள்ளிக்கூட நாளில் காலை எட்டரைக்கு ஒருமுறை, ராத்திரி ஒன்பதரைக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை போங்கள். வண்டியில் போகாதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே வயதானவரை அழைத்துக்கொண்டு, ஒரு பாக்கெட் பால் வாங்கி வர நடந்து பாருங்கள்.

நாங்களும் வருகிற தையில் டவுனுக்கே திரும்புவதாக இருக்கிறோம். பெருமாள்புரம் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். மனைவிக்கு முருங்கையையும் செம்பருத்தியையும் விட்டு வர மனசில்லை. பழைய முடுக்குக்கு இரண்டு முடுக்கு தள்ளி, ஆட்டோ வருகிற தெருவில், கீழ்வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். 2023 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். இரண்டாம் படி வரை வந்ததாம். வீட்டுக்கு மூன்று படி.